கைரோபிராக்டரைக் குடும்ப டாக்டராக வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி இதுதான். கனடா வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஸ்கார்பரோவில் வீடு, குடும்ப டாக்டர் இன்னும் அமையவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, கூடவே பழைய இடுப்பு வலி. பக்கத்து பிளாசாவில் ஒரு கைரோபிராக்டர் (முதுகையும் மூட்டையும் கையால் அழுத்தித் தள்ளி வலிக்கு வைத்தியம் பார்ப்பவர்) இருக்கிறார், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கிறார், நாங்களும் பிரைமரி கேர்தான், அதாவது எதுவானாலும் முதலில் வரவேண்டிய இடம்தான், குடும்பத்தோடு வந்து பதிந்துகொள்ளுங்கள் என்கிறார். போகலாமா?

அப்பாவின் இடுப்புக்குப் போகலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அவரை நம்பி உட்காரக்கூடாது. இதற்கு மேல் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கைரோ சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் அவரை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ள முடியும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிசியோதெரபிஸ்ட். எங்களுக்கும் கைரோக்களுக்கும் நடுவே பங்காளிக் காய்ச்சல் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அவர் பக்க நியாயம். ஒன்டாரியோவில் கைரோபிராக்டர் என்பவர் தெருவோரத்தில் சுளுக்கு எடுப்பவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் குறைந்தது மூன்று வருஷம் படித்துவிட்டு அதன் மேல் நான்கு வருஷம் கைரோ கல்லூரியில் படிக்க வேண்டும். டொரோண்டோவிலேயே அப்படி ஒரு கல்லூரி 1945 முதல் இருக்கிறது. இந்த மாகாணத்தில் 1925-லேயே மருந்தில்லா வைத்தியர்களுக்கான சட்டத்தின் கீழ் இவர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள், 1991-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டப்படி முதுகெலும்பு, மூட்டுகள், அவற்றோடு தொடர்புள்ள நரம்புக் கோளாறுகள் இவற்றைப் பரிசோதித்து, இன்ன கோளாறு என்று நோயாளியிடம் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. முதுகெலும்பு மூட்டை அதன் வழக்கமான அசைவு எல்லையைத் தாண்டி ஒரே நொடியில் வேகமாகத் தள்ளுகிற அந்த அட்ஜஸ்ட்மென்ட், சட்டம் எல்லோருக்கும் கொடுக்காத ஒரு காரியம், அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. டாக்டர் என்று போட்டுக்கொள்வதும் சட்டப்படி சரியே. யாரும் சீட்டு எழுதித் தராமல் நேராகப் போய்ப் பார்க்கலாம். தப்பு நடந்தால் புகார் சொல்ல கைரோபிராக்டர்களுக்கான ஒழுங்குமுறைக் கல்லூரி ஒன்று இருக்கிறது (பெயர்தான் கல்லூரி, பாடம் நடத்தாது, தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு), அதன் இணையதளத்தில் உங்கள் ஆளின் பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்த்துவிடலாம். போவதற்கு முன்னால் அதைப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

ஆக, வலி என்று வருகிற ஆளை முதலில் பார்க்கும் உரிமையும் படிப்பும் அவருக்கு இருக்கிறது. அவர் பிரைமரி கேர் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, குடும்ப டாக்டர் செய்வது அது மட்டும்தானா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பரா ஸ்டார்ஃபீல்ட் இந்தத் துறையில் பெரிய பெயர். ஆரம்ப சுகாதாரத்துக்கு, அதாவது பிரைமரி கேருக்கு, நான்கு குணங்கள் வேண்டும் என்றார் அவர். பிரச்சினை வந்தால் முதலில் போகிற இடமாக அது இருக்க வேண்டும், அதே ஆள் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்க்க வேண்டும், பெரும்பாலான தேவைகளை அங்கேயே முடிக்க முடிய வேண்டும், முடியாததை வெளியே அனுப்பித் திரும்பி வருவதை ஒன்றுசேர்த்துக் கவனிக்க வேண்டும். கைரோபிராக்டரை இதில் வைத்துப் பாருங்கள். முதல் குணம் உண்டு. இரண்டாவது ஓரளவு உண்டு, ஒரே கைரோவிடம் இருபது வருஷமாகப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இடிப்பது மூன்றாவதில்தான். உங்கள் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரி) பார்க்க வேண்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்திலும் சிறுநீரிலும் பார்க்க வேண்டும், வருஷாவருஷம் கண் திரையையும் காலையும் பார்க்க வேண்டும், மெட்ஃபார்மின் போதவில்லை என்றால் அடுத்த மாத்திரையைச் சேர்க்க வேண்டும், பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும், குடல் புற்றுநோய்க்கான பரிசோதனை, தடுப்பூசி என்று வரிசை நீளும். ஒன்டாரியோ கைரோபிராக்டர் மருந்தே எழுத முடியாது. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் பார்த்து மருந்தை மாற்றுகிற வேலை அவருடைய சட்ட எல்லைக்குள்ளேயே வராது. தடுப்பூசி தன் தொழில் எல்லைக்கு வெளியே என்று அவர்களுடைய கல்லூரியே எழுதி வைத்திருக்கிறது, போடு என்றோ போடாதே என்றோ ஆலோசனை சொல்லக்கூடாது. நான்காவது குணமும் பாதியில் நிற்கிறது, சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும் பாதை இங்கே பெரும்பாலும் குடும்ப டாக்டர் அல்லது நர்ஸ் ப்ராக்டிஷனர் (மருந்தும் எழுதும் அளவுக்குக் கூடுதலாகப் படித்த நர்ஸ்) கையில்தான்.

இதை அவர்கள் திறமைக் குறைவு என்று நான் சொல்லவில்லை. பல் டாக்டரையும் நாம் நேராகத்தான் போய்ப் பார்க்கிறோம், அவரும் டாக்டர்தான், ஆனால் நெஞ்சு வலிக்கு அவரிடம் போகிறவர் யாரும் இல்லை. கைரோபிராக்டரின் இடம் ஏறத்தாழ அங்கேதான். சிக்கல் என்னவென்றால் பல் டாக்டர்கள் யாரும் உடம்பு முழுக்கப் பல்லில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தொழிலை ஆரம்பிக்கவில்லை, கைரோக்கள் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.

அந்தக் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, ஏனென்றால் பிளாசா கிளினிக்கில் இன்றும் காதில் விழுகிற சில பேச்சுகளின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. தொழிலை ஆரம்பித்தவர் டேனியல் டேவிட் பாமர், 1845-ல் பிறந்தவர். பிறந்த ஊர் எது என்று பார்த்தால் ஸ்கார்பரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிக்கரிங்! இருபது வயதில் அமெரிக்கா போனார், அயோவாவில் டேவன்போர்ட் என்ற ஊரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தார். 1895-ல் காது மந்தமான ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த எலும்பை அழுத்தினேன், அவருக்குக் காது கேட்டது என்றார். அதிலிருந்து முதுகெலும்பு விலகலே நோய்களுக்கெல்லாம் மூலம் என்று போனார், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வியாதி அதனால்தான் என்று 1910-ல் எழுதியே வைத்தார். அந்த விலகலுக்குத்தான் சப்லக்சேஷன் என்று பெயர். காதுக்குப் போகும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்பது வேறு விஷயம். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906-ல் அவர் சிறைக்கும் போனார், அதனாலேயே தொழிலுக்கு ஒரு தியாகி கிடைத்தார்.

அதற்கப்புறம் நடந்த சண்டை நூறு வருஷச் சண்டை. அமெரிக்காவில் கைரோக்களுக்கு உரிமம் தரும் சட்டத்தை முதலில் 1913-ல் கான்சஸ் மாநிலம் போட்டது, கடைசியாக லூசியானா 1974-ல். நடுவில் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-ல் போலி வைத்தியத்துக்கு எதிரான குழு என்று ஒன்று வைத்து, கைரோவை ஒழித்துக்கட்டுவதையே வேலையாகச் செய்தது, அவர்களோடு சேர்ந்து நோயாளியைப் பார்ப்பதே மருத்துவ ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவைத்தது. 1976-ல் சில கைரோபிராக்டர்கள் சிகாகோவில் வழக்குப் போட்டார்கள், 1987-ல் நீதிபதி சூசன் கெட்சன்டேனர் சங்கம் செய்தது சட்டவிரோதக் கூட்டுச்சதி என்று தீர்ப்பளித்தார், 1990-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இந்த வழக்கைக் காட்டி, பார்த்தாயா கைரோ விஞ்ஞானம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்பார்கள். கோர்ட் அப்படிச் சொல்லவில்லை, தொழில் போட்டியை நசுக்கியது தப்பு என்றுதான் சொன்னது. அந்த வழக்குக்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் ஒன்றாக ஆராய்ச்சி செய்யவும் ஒரே மருத்துவமனையில் உட்காரவும் வழி திறந்தது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

தொழிலுக்குள்ளேயே இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, நாங்கள் முதுகு, கழுத்து, மூட்டு வலிக்கான ஆட்கள், ஆதாரம் இருக்கிற அளவுக்குத்தான் பேசுவோம் என்கிறது. உலகக் கைரோ கூட்டமைப்பே 2005-ல் சுகாதார அமைப்புக்குள் முதுகெலும்பு நிபுணர்கள் என்ற அடையாளத்தைத்தான் எடுத்துக்கொண்டது. இன்னொரு கட்சி பாமர் வழியிலேயே நிற்கிறது, சப்லக்சேஷனைச் சரிசெய்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், குழந்தையின் காதுவலியும் ஆஸ்துமாவும் போகும், வலி இல்லாவிட்டாலும் வாழ்நாள் முழுக்க மாதாமாதம் வாருங்கள் என்கிறது. பிரிட்டனில் கைரோக்களை ஒழுங்குபடுத்தும் சட்டப்பூர்வ அமைப்பு 2010-ல், சப்லக்சேஷன் என்பது ஒரு வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிக்கையே விட்டது. அங்கேதான் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர், குழந்தைகளின் வயிற்றுவலிக்கும் காதுத் தொற்றுக்கும் கைரோ சிகிச்சை பலிக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று 2008-ல் எழுதப்போக, பிரிட்டிஷ் கைரோ சங்கம் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டு, இரண்டு வருஷம் இழுத்து, 2010-ல் தானே வாபஸ் வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய சூடு 2013-ல் இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தையே மாற்றும் வரை போனது.

உங்கள் பிளாசாக்காரர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. அதற்குக் கீழே வருகிறேன்.

அதற்கு முன், சிகிச்சை நிஜமாகவே வேலை செய்கிறதா? இடுப்பு வலிக்கு, ஓரளவு செய்கிறது. 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையிலேயே (காலம் எப்படி மாறுகிறது பாருங்கள்) ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. புதிதாக வந்த இடுப்பு வலியில், ஆறு வாரத்துக்குள், நூறு புள்ளி அளவுகோலில் சுமார் பத்துப் புள்ளி அளவுக்கு வலி குறைகிறது என்றது. வலி மாத்திரை போட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் குறையும். அதே வருஷம் அமெரிக்க உள்மருத்துவக் கல்லூரி, இடுப்பு வலிக்கு முதலில் மாத்திரை வேண்டாம், சூடு, மசாஜ், உடற்பயிற்சி, ஸ்பைனல் மேனிபுலேஷன் (கைரோ செய்யும் அந்த அட்ஜஸ்ட்மென்ட் மாதிரி கைச் சிகிச்சை) இவற்றில் ஒன்றைப் பாருங்கள் என்று வழிகாட்டி வெளியிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் இன்னும் கறாராக, மேனிபுலேஷனை உடற்பயிற்சியோடு சேர்த்துத் தந்தால் சரி, அதை மட்டும் தனியாகத் தராதீர்கள் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது மேனிபுலேஷனும் அதில் இடம்பிடித்தது, நிபந்தனையோடுதான். ஆக, அற்புதமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. மற்ற நல்ல சிகிச்சைகள் எவ்வளவு உதவுகின்றனவோ ஏறத்தாழ அவ்வளவு உதவுகிறது. கழுத்து வலிக்கும் சில வகைத் தலைவலிக்கும் ஆதாரம் இதைவிடக் கொஞ்சம் மெலிது. ஆஸ்துமா, காதுத் தொற்று, பிரஷர், சர்க்கரை இவற்றுக்கெல்லாம் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 கணக்குப்படி உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. மனிதனை வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் அதுதான் முதலிடம். குடும்ப டாக்டரின் நேரத்தில் பெரிய பங்கை இந்த மாதிரி வலிகள் தின்றுவிடுகின்றன, பத்து நிமிஷத்தில் அவர் என்ன செய்வார், ஒரு மாத்திரை, ஒரு எம்ஆர்ஐ சீட்டு, அவ்வளவுதான். அந்த எம்ஆர்ஐயில் ஐம்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு, வலி இல்லாதவர்களுக்குக்கூட, டிஸ்க் தேய்ந்துதான் இருக்கும், அதைப் படித்துவிட்டு ஆள் பயந்துபோய் நடப்பதைக் குறைப்பார், வலி கூடும். இந்த இடத்தில்தான் கைரோவுக்கும் எங்களுக்கும் ஆரம்ப சுகாதாரத்தில் உண்மையான வேலை இருக்கிறது.

ஒன்டாரியோவே நல்ல உதாரணம். இங்கே முதுகு அறுவை நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அறுவை தேவையில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள்தான் அதிகமாக இருந்தார்கள். 2012-ல் டொரோண்டோ, ஹாமில்டன், தண்டர் பே ஊர்களில் ஒரு முன்னோடித் திட்டம் வந்தது, குடும்ப டாக்டர் அனுப்பும் இடுப்பு வலிக்காரரை முதலில் இதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு பிசியோவோ கைரோபிராக்டரோ விரிவாகப் பரிசோதிப்பார், பெரும்பாலானவர்களுக்கு என்ன நடக்கிறது என்று விளக்கி, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்புவார், நிஜமாகவே தேவைப்படுபவர்கள் மட்டும் அறுவை நிபுணரிடம் போவார்கள். அது நன்றாகப் போனதால் இப்போது ரேபிட் ஆக்சஸ் கிளினிக் என்ற பெயரில் மாகாணம் முழுக்கப் பரவியிருக்கிறது, செலவு அரசுடையது. ஆறு வாரத்துக்கு மேல் ஆகியும் அடங்காத இடுப்பு வலிக்கு இது பொருந்தும், ஆனால் அதற்குக் குடும்ப டாக்டரோ நர்ஸ் ப்ராக்டிஷனரோ அனுப்ப வேண்டும். டொரோண்டோ நகர மையத்திலுள்ள செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையில் 2004 முதலே குடும்ப மருத்துவப் பிரிவுக்குள் கைரோபிராக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் காசில்லாத நோயாளிகளுக்கு அது பெரிய உதவி. அதே 2004 டிசம்பரில்தான் மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப், கைரோவுக்குக் கொடுத்துவந்த கொஞ்சநஞ்சப் பணத்தையும் நிறுத்தியது என்பது ஒரு வேடிக்கை. அன்றிலிருந்து கைப்பணம், இல்லையென்றால் வேலையிடத்து பெனிபிட்ஸ்.

டென்மார்க் இதை இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் சட்ட அங்கீகாரம் கொடுத்து, 1994 முதல் ஒடென்சே பல்கலைக்கழகத்தில் (இப்போது அது தென் டென்மார்க் பல்கலைக்கழகம்) கைரோ மாணவர்களை ஆரம்ப வருஷங்களில் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள். சேர்ந்து உடற்கூறு படித்தவர்கள் பின்னால் ஒருவரை ஒருவர் போலி என்று திட்டிக்கொள்வது குறைவு. சுவிட்சர்லாந்தில் மருத்துவம், பல், கால்நடை, மருந்தியல் ஆகியவற்றோடு கைரோவும் பல்கலைக்கழக மருத்துவத் தொழில்கள் ஐந்தில் ஒன்று, ஜூரிக்கில் படிக்கிறார்கள், அடிப்படைக் காப்பீடு பணம் தருகிறது, குறிப்பிட்ட சில மருந்துகளும் எழுதலாம். இரண்டு நாட்டிலுமே அவர்கள் குடும்ப டாக்டருக்குப் பதிலாக வரவில்லை, முதுகு மூட்டுக்கான முதல் வாசலாக இருக்கிறார்கள், மற்றதை உள்ளே இருக்கும் டாக்டர் பார்க்கிறார்.

பதிலாக வைத்தே பார்த்த இடமும் ஒன்று உண்டு. சிகாகோ பக்கம் ஒரு காப்பீட்டு ஏற்பாட்டில் கைரோபிராக்டர்களையே பிரைமரி கேர் மருத்துவர்களாகப் போட்டார்கள். இலினாய் மாநிலத்தில் அவர்களுக்குச் சட்ட எல்லை ரொம்ப அகலம். 1999 முதல் 2002 வரையிலான கணக்கை 2004-ல் வெளியிட்டபோது, மருத்துவமனையில் சேர்வது 43 சதவீதம் குறைவு, மருந்துச் செலவு பாதிக்குப் பாதி குறைவு என்று வந்தது. கைரோ மேடைகளில் இந்த எண்களைச் சொல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், எனக்குக் குடும்ப டாக்டராகக் கைரோபிராக்டரே வேண்டும் என்று தேடிப் போய்ச் சேர்கிறவர் யார்? மாத்திரையே பிடிக்காத, பெரிய வியாதி எதுவும் இல்லாத, நடைப்பயிற்சி போகிற ஆள். மூன்று மாத்திரை போடும் சர்க்கரைக்காரர் அங்கே ஏன் போகிறார்? குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வும் அல்ல அது. அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு முடிவெடுக்க முடியாது.

இனி ஆபத்து. இடுப்பில் செய்யும் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் வலி, பிடிப்பு வருவது சகஜம், சுமார் பாதிப் பேருக்கு வரும், தானே போய்விடும். பயப்பட வேண்டியது கழுத்து. கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது மூளையின் பின்பகுதிக்குப் போகும் முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். கைரோவால்தான் வருகிறதா என்பதிலும் வாக்குவாதம் இருக்கிறது. 2008-ல் வெளிவந்த ஒரு ஒன்டாரியோ ஆய்வு ஒன்பது வருஷத்தில் இந்த வகைப் பக்கவாதத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த 818 பேரை எடுத்துப் பார்த்தது. அதற்குமுன் கைரோவிடம் போனவர்களுக்கு இருந்த தொடர்பு, குடும்ப டாக்டரிடம் போனவர்களுக்கும் அதே மாதிரி இருந்தது. அதாவது தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கி, அந்தக் கழுத்து வலிக்காகத்தான் ஆட்கள் இருவரிடமும் போயிருக்கிறார்கள் போலும் என்பது அவர்கள் விளக்கம். ஓரளவு நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனால் என் பார்வையில் இது கைரோவுக்கு முழு விடுதலை இல்லை, கிழியத் தொடங்கிய தமனியோடு வந்தவரைக் கண்டுபிடிக்காமல் கழுத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று ஒரு பக்கக் கழுத்தும் தலையும் வலித்தால், கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்தல் எது இருந்தாலும், கைரோவிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம், எமர்ஜென்சிக்குப் போங்கள். கழுத்தைத் திருப்ப வேண்டாம், மெதுவான முறையில் மட்டும் செய்யுங்கள் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, நல்ல கைரோபிராக்டர் முகம் சுளிக்க மாட்டார். (ஊரில் முடிவெட்டி முடித்ததும் சலூன்காரர் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் சடக் சடக்கென்று நெட்டி முறிப்பாரே, அதையும் அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.)

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரக் குழந்தைக்குக் கைரோ செய்த வீடியோ பெரிய கொதிப்பைக் கிளப்பி, 2019-ல் விக்டோரியா மாநில அரசு ஆய்வுக் குழு வைத்தது, பன்னிரண்டு வயதுக்குக் கீழே செய்வதால் பலன் இருக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் தடை போடுவதும் எடுப்பதும் மறுபடி போடுவதுமாக அங்கே ஒரே இழுபறி. பாப்பா ராத்திரி அழுகிறது என்று யாராவது கைரோவிடம் கூட்டிப்போகச் சொன்னால் கூட்டிப்போகாதீர்கள்.

முதல் வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் வலிக்குப் பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி படுத்தாலும் ஓயாத முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, வயதானவர் சின்னதாக விழுந்திருப்பது, இவை இருந்தால் கை வைக்கும் முன்பே நிறுத்த வேண்டும். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதுகெலும்புக் காசநோயும் இந்தப் பட்டியலில் உண்டு, இங்கே படித்தவர்களுக்கு அது சட்டென்று ஞாபகம் வராது, அதனால் வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சிறுநீர் போவது தெரியவில்லை, மலம் அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, இரண்டு காலும் பலமிழக்கிறது என்றால் அது அன்றைக்கே மருத்துவமனை.

உங்கள் பிளாசாக்காரர் எந்தக் கட்சி என்பதை முதல் சந்திப்பிலேயே பார்த்துவிடலாம். மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டாரா, அப்பாவின் மாத்திரைப் பட்டியலைப் பார்த்தாரா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறாரா என்று விசாரித்தாரா, காலில் உணர்ச்சியும் பலமும் சோதித்தாரா, வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்தாரா, இத்தனை வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரிடம் அனுப்புவேன் என்றாரா? இருந்தால் தாராளமாகப் போங்கள். நாலு முதல் ஆறு முறைக்குள் ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும். மாறாக, வந்த எல்லோருக்கும் முதுகு முழுக்க எக்ஸ்ரே எடுப்பவர் (எச்சரிக்கை அறிகுறி இல்லாத புது இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்று கனடா கைரோ சங்கமே சொல்லியிருக்கிறது), கம்ப்யூட்டரில் சிவப்பும் பச்சையுமாக ஒரு படம் காட்டி நரம்பு அடைபட்டிருக்கிறது என்பவர், ஐம்பது முறைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பவர், சர்க்கரை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம் என்பவர், இவர்களில் யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கடைசி ரகம்தான் உயிருக்கு உலை.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருப்பதால் இன்னொன்றும். கார் விபத்து நடந்த மறுநாளே யாரோ சொல்லி ஒரு கிளினிக்கில் போய் உட்கார்கிறோம், ஓசிஎஃப்-18 என்ற சிகிச்சைத் திட்டப் படிவத்தை நீட்டுவார்கள், சின்னக் காயம் என்றால் இன்சூரன்ஸ் தரும் உச்சவரம்பு 3,500 டாலர், அந்தப் பணம் தீரும்வரை கைரோ, மசாஜ் என்று ஓடும். நேர்மையாக நடத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் வராத நாளுக்குக் கையெழுத்துக் கேட்கிற இடங்களும் இருந்ததால்தான் இன்சூரன்ஸுக்கு நேரடியாக பில் போடும் கிளினிக்குகளுக்குத் தனி உரிமம் என்று அரசு கொண்டுவந்தது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், வராத நாளுக்குப் போடவே போடாதீர்கள். வேலையிடத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் கைரோபிராக்டரே டபிள்யூஎஸ்ஐபி (வேலையிடக் காயங்களுக்கான மாகாண இன்சூரன்ஸ்) படிவம் 8 நிரப்பித் தரலாம், அது பலருக்குத் தெரியாத ஒரு வசதி.

இந்தியாவுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே இப்போது யூடியூபில் சடசடவென்று சத்தம் கேட்கும் வீடியோக்கள் போடும் கைரோ மையங்கள் பெருகிவிட்டன, ஆனால் கைரோபிராக்டர்களைப் பதிந்து கண்காணிக்க இங்கே இருப்பது போன்ற தனிக் கல்லூரி அங்கே இல்லை, யார் எங்கே எத்தனை நாள் படித்தார் என்று உங்களால் சரிபார்க்க முடியாது. அந்தச் சத்தமும் எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது, அதனால் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

கடைசியாக, அப்பாவின் சர்க்கரைக்கு என்ன வழி. 2024 கணக்குப்படி ஒன்டாரியோவில் குடும்ப டாக்டர் இல்லாதவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல், நீங்கள் தனி ஆள் இல்லை. டாக்டர் இல்லாதவர்களுக்கு டாக்டரைத் தேடித் தரும் அரசின் ஹெல்த் கேர் கனெக்ட் பட்டியலில் அப்பா பெயரைத் தனியாகப் பதியுங்கள், சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அதோடு நிற்காமல் உங்கள் பகுதியின் கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்கு நேரில் போங்கள், ஓஹிப் அட்டை இல்லாதவர்களைக்கூட அங்கே பார்ப்பார்கள், தமிழ் பேசுகிற ஊழியர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்டுப்பாருங்கள். நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் நடத்தும் கிளினிக் கிடைத்தாலும் யோசிக்காமல் சேருங்கள், மருந்து எழுதுவது, ரத்தப் பரிசோதனை, சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது எல்லாம் அவர்களால் முடியும், பிளாசா கைரோவால் முடியாத அந்த மூன்றாவது நான்காவது குணம் அங்கே இருக்கிறது. சின்னச்சின்னத் தொந்தரவுகளுக்கு 2023 முதல் மருந்துக்கடை பார்மசிஸ்டே மருந்து எழுதித் தரலாம், ராத்திரி சந்தேகம் என்றால் 811-க்கு அழைத்தால் நர்ஸ் பேசுவார். அதுவரை ஒரே வாக்-இன் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ரிப்போர்ட் எதுவும் ஒன்றுசேராது. முதல் தடவையே எச்பிஏ1சி, சிறுநீரகப் பரிசோதனை இரண்டையும் கேட்டு வாங்கி, அந்த முடிவுகளின் நகலை நீங்களும் ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கைரோவிடம் போகும்போதும் அந்த ஃபைல் கையில் இருக்கட்டும்.